குபர்னெட்டீஸ் ஏபிஐ வழியே கன்ஃபிக்மேப் விவரங்களைப் படித்தெடுப்பது: முதன்முறை செய்பவர்களுக்கு

குபர்னெட்டீஸ் கிளஸ்டரில் (ஒன்றுசேர்ந்து இயங்கும் கணினித் தொகுப்பில்) ஓடும் நாற்பது சேவைகளின் அமைப்பு விவரங்களை, அதாவது கன்ஃபிக்மேப் என்ற பொருள்களில் வைத்திருப்பவற்றை, இரவுதோறும் எடுத்து, முந்தைய நாளோடு ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் பட்டியலிடும் சிறு நிரல் ஒன்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டேன். மூன்று நாள் ஆயிற்று. நிரல் எழுதப் போனது இரண்டு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் 401, 403 என்று மாறி மாறி வந்த மறுப்புகளுக்குக் காரணம் தேடுவதிலேயே கழிந்தது. அந்த மூன்று நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டளைகளையும் முகவரிகளையும் இங்கே ஒலிக்கிற விதத்தில் தமிழில் தந்திருக்கிறேன். திரையில் அடிக்கும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, விவரங்கள் இருக்கும் நேம்ஸ்பேஸின் (கிளஸ்டருக்குள் பொருள்களைப் பிரித்துவைக்கும் பகுதியின்) பெயர் ‘ஷாப்’ என்றும், நாம் உருவாக்கப்போகும் கணக்கின் பெயர் ‘ரீடர்’ என்றும் வைத்துக்கொள்வோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள்களும் ஓர் அனுமதியும் வேண்டும். முதலாவது, ஏபிஐ சர்வரின் முகவரி. கியூப்அட்மின் என்ற நிறுவல் கருவி கொண்டு நிறுவிய கிளஸ்டரில் அது பொதுவாக 6443 என்ற போர்ட்டில் இருக்கும், சொந்தக் கணினியிலேயே ஓட்டும் சிறு கிளஸ்டரான மினிகியூபில் 8443. இரண்டாவது, அந்தச் சர்வர் உண்மையானதுதான் என்று சரிபார்க்க உதவும் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழ்க் கோப்பு. மூன்றாவது, நீங்கள் யார் என்று சர்வருக்குச் சொல்லும் டோக்கன். இவற்றோடு, அந்த டோக்கனுக்கு உரியவர் கன்ஃபிக்மேப்பைப் படிக்கலாம் என்ற ஆர்பிஏசி (பொறுப்பு வாரியாக உரிமை தரும் முறை) அனுமதி கிளஸ்டரில் பதிவாகியிருக்க வேண்டும்.

இந்த நான்கையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு பிழையும் இவற்றில் ஏதோ ஒன்று குறைகிறது என்பதைத்தான் சொல்லப்போகிறது. இணைப்பே கிடைக்கவில்லை என்றால் முகவரி. சான்றிதழ்ப் பிழை வந்தால் சிஏ கோப்பு. 401 என்றால் டோக்கன். 403 என்றால் அனுமதி. நான் செய்த முதல் தவறு, 403 வந்தபோதெல்லாம் டோக்கனைத் திரும்பத் திரும்பப் புதிதாக எடுத்துக்கொண்டிருந்ததுதான்.

2. செலவும் நேரமும்

பழகிப் பார்ப்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லை. இரண்டு சிபியு, 2 ஜிபி நினைவகம், 20 ஜிபி வட்டு இடம் உள்ள கணினியில் மினிகியூப் ஓடும். அதற்குக் கட்டணம் இல்லை. மேகக் கணினியில் என்றால் அமேசானின் இகேஎஸ், கூகுளின் ஜிகேஇ ஆகிய இரண்டும் கிளஸ்டர் ஒன்றுக்கு மணிக்கு 0.10 டாலர் வாங்குகின்றன. முப்பது நாள் ஓடினால் 72 டாலர் ஆகும், கணுக்களின் (கிளஸ்டரில் உள்ள கணினிகளின்) வாடகை தனி. இகேஎஸ்ஸில் பழைய பதிப்பை நீட்டிப்பு ஆதரவுக் காலத்துக்குள் போகவிட்டால் இதே கட்டணம் மணிக்கு 0.60 டாலர் ஆகிவிடும் என்பது பலர் கவனிக்காமல் விடும் செலவு.

நேரத்தைப் பொறுத்தவரை, கிளஸ்டர் நிர்வாகியின் உரிமை உங்களிடமே இருந்தால் கீழே உள்ள எல்லாப் படிகளும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இல்லையென்றால் மூன்றாம் படியில் உள்ளவற்றை நிர்வாகிக்கு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ‘எனக்கு அணுகல் வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்த நேம்ஸ்பேஸ், எந்தப் பொருள், என்னென்ன செயல்கள் என்று குறிப்பிட்டுக் கேட்டால் அவர் யோசிக்காமல் தருவார்.

3. படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கை உருவாக்குதல்

நிர்வாகியின் சொந்தக் கணக்கை நிரலுக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் உடனே வேலை செய்யும். அதனாலேயே பலர் அப்படிச் செய்கிறார்கள். செய்யாதீர்கள். அந்த நிரலில் ஒரு தவறு நேர்ந்தால் கிளஸ்டரையே அழிக்கும் அதிகாரம் அதன் கையில் இருக்கும்.

கிளஸ்டரோடு பேசும் கட்டளைக் கருவி கியூப்சிடிஎல். முதலில் ‘கியூப்சிடிஎல் கிரியேட் சர்வீஸ்அக்கவுண்ட் ரீடர்’ என்று கொடுத்து, ‘-என் ஷாப்’ என்று நேம்ஸ்பேஸையும் குறிப்பிட்டுக் கணக்கை உருவாக்குங்கள். அடுத்து ‘கிரியேட் ரோல்’ கட்டளையால், கன்ஃபிக்மேப்ஸ் என்ற பொருளின்மேல் கெட், லிஸ்ட், வாட்ச் ஆகிய மூன்று செயல்களுக்கு மட்டும் உரிமை தரும் ரோல் ஒன்றை அதே நேம்ஸ்பேஸில் அமையுங்கள். மூன்றாவதாக ‘கிரியேட் ரோல்பைண்டிங்’ கட்டளையால் அந்த ரோலையும் கணக்கையும் இணையுங்கள். இணைக்கும்போது கணக்கை ‘ஷாப்:ரீடர்’ என்று நேம்ஸ்பேஸோடு சேர்த்து எழுத வேண்டும்.

ரோலைக் கட்டளையால் அமைக்காமல் யாம்ல் கோப்பாக எழுதுபவர்கள், ஏபிஐகுரூப்ஸ் என்ற இடத்தில் வெற்று மேற்கோள் குறிகளை இட வேண்டும். கன்ஃபிக்மேப் இருக்கும் மூலக் குழுவுக்குப் பெயரே கிடையாது. வெற்றுச் சரம்தான் அதன் பெயர். அங்கே ‘வி1’ என்று எழுதினால் கோப்பு பிழையின்றி ஏற்றுக்கொள்ளப்படும், உரிமை மட்டும் கிடைக்காது.

என் இரண்டாவது நாளை விழுங்கிய பொறி இதுதான். என் கணக்கு ‘டூல்ஸ்’ என்ற நேம்ஸ்பேஸில் இருந்தது, படிக்க வேண்டிய விவரங்கள் ‘ஷாப்’பில் இருந்தன. கணக்கு இருக்கும் இடத்தில்தானே உரிமையும் இருக்க வேண்டும் என்று எண்ணி, ரோலையும் ரோல்பைண்டிங்கையும் ‘டூல்ஸ்’ஸிலேயே அமைத்துவிட்டேன். உண்மையில் கணக்கு எந்த நேம்ஸ்பேஸில் வேண்டுமானாலும் இருக்கலாம். ரோலும் பைண்டிங்கும் படிக்கப்படும் பொருள் இருக்கும் நேம்ஸ்பேஸில் இருக்க வேண்டும். சர்வர் இதை எனக்குச் சொல்லாமல் இல்லை. 403-உடன் வந்த செய்தியில், எந்தக் கணக்கு, எந்தச் செயல், எந்தப் பொருள், எந்தக் குழு, எந்த நேம்ஸ்பேஸ் என்ற ஐந்தும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ‘மறுக்கப்பட்டது’ என்ற சொல்லோடு நான் படிப்பதை நிறுத்திக்கொண்டேன். நீங்கள் அந்த வரியைக் கடைசிவரை படியுங்கள். கடைசிச் சொல்லில்தான் என் விடை இருந்தது.

இன்னொரு பொறி: குறிப்பிட்ட ஒரு கன்ஃபிக்மேப்பை மட்டும் படிக்கட்டும் என்று ரோலில் ரிசோர்ஸ்நேம்ஸ் என்ற கட்டுப்பாட்டை இட்டால், பெயர் சொல்லிக் கேட்கும் கெட் வேலை செய்யும்; மொத்தப் பட்டியலைக் கேட்கும் லிஸ்ட் மறுக்கப்படும். நிரல் பட்டியலை நம்பி எழுதப்பட்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

டோக்கன் எடுக்கும் முன்பே உரிமை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ‘கியூப்சிடிஎல் ஆத் கேன்-ஐ லிஸ்ட் கன்ஃபிக்மேப்ஸ் -என் ஷாப்’ என்ற கட்டளையோடு ‘--ஆஸ்’ என்று சேர்த்து, ‘சிஸ்டம்:சர்வீஸ்அக்கவுண்ட்:ஷாப்:ரீடர்’ என்ற முழுப் பெயரைக் கொடுங்கள். ‘யெஸ்’ என்று வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. டோக்கன் எடுத்தல்

1.24 பதிப்புக்கு முன்பெல்லாம் கணக்கை உருவாக்கியவுடன் காலாவதியே இல்லாத டோக்கன் ஒன்று சீக்ரெட்டாக (ரகசிய விவரங்களை வைக்கும் பொருளாக) தானாகவே உருவாகிவிடும். இப்போது அப்படி உருவாவதில்லை. பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி அந்தச் சீக்ரெட்டைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் தேடுவதை நிறுத்திவிட்டு, ‘கியூப்சிடிஎல் கிரியேட் டோக்கன் ரீடர் -என் ஷாப்’ என்று கொடுத்தால் போதும். வரும் டோக்கன் வழக்கமாக ஒரு மணி நேரம் செல்லும். ‘--டியூரேஷன்’ என்று சேர்த்துக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம்; பத்து நிமிடத்துக்குக் குறைவாகக் கேட்டால் சர்வர் மறுக்கும், மிக அதிகமாகக் கேட்டால் தன் உச்சவரம்புக்குக் குறைத்துத் தரக்கூடும்.

என் நிரல் மாலையில் அழகாக ஓடியது, இரவு இரண்டு மணிக்கு 401 வாங்கி நின்றது. காரணம் இந்த ஒரு மணி நேரம்தான். இரவு வேலையாக ஓட்டப்போகிறவர்கள் டோக்கனைக் கோப்பில் ஒட்டிவைப்பதை விட்டுவிட்டு, ஒன்பதாம் படியில் உள்ளபடி கிளஸ்டருக்குள்ளேயே ஓட்டுவதுதான் நல்லது.

5. சிஏ சான்றிதழ்

‘கியூப்சிடிஎல் கன்ஃபிக் வியூ’ என்று பார்த்தால் சான்றிதழ் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ‘--ரா’ என்பதைச் சேர்த்தால்தான் உண்மையான மதிப்பு தெரியும். ‘--மினிஃபை’ என்பதையும் சேர்த்தால் இப்போதைய கிளஸ்டருக்கு உரியது மட்டும் வரும். அங்கே கிடைக்கும் நீண்ட வரி பேஸ்64 வடிவில் இருக்கும். அதைத் திருப்பி அவிழ்த்து ‘சிஏ.சிஆர்டி’ என்ற கோப்பில் சேமியுங்கள். திறந்து பார்த்தால் சான்றிதழ் தொடங்குகிறது என்ற தலைப்பு வரி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நீங்கள் அவிழ்க்காமலே சேமித்துவிட்டீர்கள்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்க, முகவரிகளை அழைக்க உதவும் கட்டளைக் கருவியான கர்லோடு ‘-கே’ என்று சேர்த்துச் சரிபார்ப்பையே நிறுத்திவிடச் சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடக்கின்றன. அப்படிச் செய்தால் உங்கள் டோக்கனை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று தெரியாமலே கொடுக்கிறீர்கள். சோதனைக்கென்று போட்ட ‘-கே’ நிரலிலேயே தங்கிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

எஸ்எஸ்எச் சுரங்க வழியாக 127.0.0.1 என்ற முகவரியில் போகிறவர்களுக்குச் சான்றிதழ் சரியாக இருந்தும் கர்ல் 60 என்ற பிழையோடு நிற்கலாம். சான்றிதழில் எழுதப்பட்டுள்ள பெயர்களில் 127.0.0.1 இல்லாததே காரணம். சர்வரின் உண்மைப் பெயரையே முகவரியில் எழுதி, ‘--ரிசால்வ்’ என்ற தெரிவால் அந்தப் பெயரைச் சுரங்கத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

6. முதல் அழைப்பு

நேராகக் கன்ஃபிக்மேப்புக்குப் போகாமல், முதலில் முகவரியின் இறுதியில் ‘/வெர்ஷன்’ என்று மட்டும் சேர்த்துக் கேளுங்கள். இதற்குப் பெரும்பாலான கிளஸ்டர்களில் தனி உரிமை வேண்டியதில்லை. எனவே விடை வந்தால் முகவரியும் சான்றிதழும் சரி என்று உறுதியாகிவிடும். விடையே வராமல் தொங்கிக்கொண்டிருந்தால், அலுவலகக் கணினியில் ப்ராக்ஸி அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கர்ல் சத்தமில்லாமல் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து டோக்கனைச் சேர்த்து உண்மையான அழைப்பு. கர்லில் ‘--சிஏசெர்ட்’ என்று சான்றிதழ்க் கோப்பையும், ‘-எச்’ என்று ‘ஆதரைசேஷன்: பேரர்’ என்ற தலைப்பில் டோக்கனையும் கொடுக்க வேண்டும். டோக்கனை மாறியில் வைத்திருப்பவர்கள் இந்தத் தலைப்பை இரட்டை மேற்கோளுக்குள் எழுதுங்கள். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் மாறியின் மதிப்புக்குப் பதிலாக அதன் பெயரே சர்வருக்குப் போகும், 401 வரும், டோக்கன் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக எடுப்பீர்கள், மறுபடியும் 401 வரும்.

சோதிக்க எந்த கன்ஃபிக்மேப் இருக்கிறது என்று தேட வேண்டாம். அண்மைப் பதிப்புகளில் எல்லா நேம்ஸ்பேஸிலும் ‘கியூப்-ரூட்-சிஏ.சிஆர்டி’ என்ற கன்ஃபிக்மேப் தானாகவே இருக்கும். அதன் முகவரி:

/ஏபிஐ/வி1/நேம்ஸ்பேசஸ்/ஷாப்/கன்ஃபிக்மேப்ஸ்/கியூப்-ரூட்-சிஏ.சிஆர்டி

இது வந்துவிட்டால் நான்கு பொருள்களும் சரி. டோக்கன் தலைப்பே போகாமல் விட்டிருந்தால், சர்வர் உங்களை ‘சிஸ்டம்:அனானிமஸ்’ என்று கருதி 403 தரக்கூடும். ஆகவே 403 செய்தியில் ‘அனானிமஸ்’ என்று கண்டால் அனுமதியைத் தொடாதீர்கள்; தலைப்பைப் பாருங்கள்.

கட்டளை வரியில் அடித்த டோக்கன் ஷெல் வரலாற்றில் தங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். தலைப்பு வரியை ஒரு கோப்பில் எழுதி, ‘-எச்’ என்பதை அடுத்து அட் குறியோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் கர்ல் அதிலிருந்தே படித்துக்கொள்ளும்.

7. முகவரி அமையும் விதம்

கன்ஃபிக்மேப், சீக்ரெட், பாட் (நிரல் ஓடும் அலகு) போன்ற மூலக் குழுவின் பொருள்களுக்கு முகவரி ‘/ஏபிஐ/வி1’ என்று தொடங்கும். டிப்ளாய்மென்ட் போன்றவற்றுக்கு ‘/ஏபிஐஸ்/ஆப்ஸ்/வி1’ என்று தொடங்கும். ஒரு ‘ஸ்’ வேறுபட்டாலும் அழைப்பு தோற்றுவிடும். ஐயம் இருந்தால் கியூப்சிடிஎல் கட்டளையோடு ‘-வி=6’ என்று சேர்த்து ஓட்டுங்கள்; அது எந்த முகவரியைக் கேட்கிறது என்பதை அப்படியே காட்டிக்கொடுக்கும். நான் இன்றும் முகவரிகளை மனப்பாடம் செய்வதில்லை, இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

நிர்வாகியின் உரிமையோடு சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நேம்ஸ்பேஸின் பெயரைத் தவறாக எழுதிப் பட்டியல் கேட்டால் 404 வராது. 200 என்ற வெற்றிக் குறியோடு வெற்றுப் பட்டியல் வரும். ‘ஒன்றுமே இல்லை’ என்று அறிக்கை எழுதும் முன் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

8. வந்த விடையைப் பிரித்தல்

விடை ஜேசன் வடிவில் வரும். உங்களுக்கு வேண்டியது ‘டேட்டா’ என்ற பகுதி மட்டும். அதிலுள்ள மதிப்புகள் எல்லாமே சரங்கள். 8080 என்ற போர்ட் எண்கூட மேற்கோளுக்குள்தான் இருக்கும். பெரும்பாலும் ஒரு முழுக் கோப்பே ஒரு திறவுச்சொல்லின் மதிப்பாக இருப்பதால், ஜேசனைப் பிரிக்கும் கருவியான ஜேக்யூ கொண்டு எடுக்கும்போது ‘-ஆர்’ என்பதைச் சேர்க்காவிட்டால் வரி முறிவுகள் எல்லாம் சாய்கோடும் ‘என்’னுமாக வந்து நிற்கும். திறவுச்சொல்லிலேயே புள்ளி இருந்தால், அதைச் சதுர அடைப்புக்குள் மேற்கோளிட்டு எழுத வேண்டும். இல்லையென்றால் ஜேக்யூ அந்தப் புள்ளியைப் பாதை என்று எண்ணி வெற்று விடை தரும்.

சரமாக எழுத முடியாதவை ‘பைனரிடேட்டா’ என்ற தனிப் பகுதியில் பேஸ்64 வடிவில் இருக்கும். ‘டேட்டா’வை மட்டும் படிக்கும் நிரல் இவற்றை விட்டுவிடும், பிழையும் சொல்லாது.

ஒப்பிடும் வேலைக்காகச் சேமிப்பவர்கள் ‘மெட்டாடேட்டா’ பகுதியைக் கட்டாயம் நீக்க வேண்டும். கியூப்சிடிஎல் நமக்கு மறைத்துவிடும் ‘மேனேஜ்டுஃபீல்ட்ஸ்’ என்ற நீண்ட பகுதி ஏபிஐயில் நேராகக் கேட்கும்போது முழுதாக வரும். ‘ரிசோர்ஸ்வெர்ஷன்’ ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாறும். யாராவது ஒரு லேபிளைச் சேர்த்தாலும் உங்கள் அறிக்கையில் ‘மாறியது’ என்று விழும். இவற்றையெல்லாம்விடத் தொல்லை தந்தது, ‘அப்ளை’ கட்டளையால் உருவானவற்றில் இருக்கும் ‘லாஸ்ட்-அப்ளைடு-கன்ஃபிகரேஷன்’ என்ற குறிப்புதான். மொத்த விவரத்தின் நகல் ஒன்று அதற்குள்ளேயே இருப்பதால், என் முதல் அறிக்கையில் ஒவ்வொரு மாற்றமும் இரண்டு முறை வந்தது.

பட்டியலாகக் கேட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளிலும் ‘கைண்ட்’, ‘ஏபிஐவெர்ஷன்’ என்ற இரண்டும் இருக்காது. அப்படியே கோப்பில் சேமித்து, பின்னொரு நாள் அதைக் கொண்டு மீட்டெடுக்கலாம் என்று நினைத்தால் கிளஸ்டர் ஏற்காது. சேமிக்கும்போதே இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு கன்ஃபிக்மேப்பின் உச்ச அளவு 1 எம்ஐபி. ஆனால் நூற்றுக்கணக்கானவற்றை ஒரே மூச்சில் கேட்டால் விடை கனத்துவிடும். ஆகவே ‘லிமிட்’ என்ற அளபுருவைச் சேர்த்துப் பகுதி பகுதியாகக் கேளுங்கள். கியூப்சிடிஎல் 500 என்று கேட்கிறது, அதையே நீங்களும் வைத்துக்கொள்ளலாம். விடையில் ‘கன்டினியூ’ என்று ஒரு மதிப்பு வந்தால் அதை அடுத்த அழைப்பில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த மதிப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் செல்லாததாகிவிடும். அதன் பிறகு கேட்டால் 410 வரும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 429 வந்தால் சர்வர் நெருக்கடியில் இருக்கிறது. விடையோடு வரும் ‘ரீட்ரை-ஆஃப்டர்’ சொல்லும் நொடிகள் காத்திருங்கள். இரண்டு அளபுருக்களை ‘அண்ட்’ குறியால் இணைக்கும்போது முகவரி முழுவதையும் மேற்கோளுக்குள் இடுங்கள். இல்லாவிட்டால் ஷெல் அந்தக் குறியோடு கட்டளையை வெட்டி, முதல் பாதியைப் பின்னணியில் ஓட்டிவிடும்.

இரவில் ஒருமுறை படிப்பதற்குப் பதிலாக மாற்றங்களை உடனுக்குடன் அறிய விரும்புகிறவர்களுக்கு ‘வாட்ச்=1’ என்ற அளபுரு இருக்கிறது. இணைப்பு திறந்தே இருக்கும். மாற்றம் ஒன்றுக்கு ஒரு வரி வரும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சர்வரே இணைப்பை முடித்துக்கொள்ளும் என்பதால், திரும்ப இணையும் பகுதியை முதல் நாளே எழுதிவிடுங்கள். இதில் 410 என்பது தொடக்கத்தில் வராமல், 200 என்று தொடங்கிய இணைப்பின் நடுவே ‘எரர்’ வகை நிகழ்வாகவும் வரும்.

9. இரவு வேலையைக் கிளஸ்டருக்குள் ஓட்டுதல்

குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான்ஜாப் ஒன்றில் ‘ரீடர்’ கணக்கைக் குறிப்பிட்டு நிரலை ஓட்டினால், பாடுக்குள் ‘/வார்/ரன்/சீக்ரெட்ஸ்/குபர்னெட்டீஸ்.ஐஓ/சர்வீஸ்அக்கவுண்ட்’ என்ற கோப்புறையில் டோக்கன், சிஏ சான்றிதழ், நேம்ஸ்பேஸின் பெயர் ஆகிய மூன்று கோப்புகளும் தயாராக இருக்கும். முகவரி ‘குபர்னெட்டீஸ்.டிஃபால்ட்.எஸ்விசி’. நான்காம், ஐந்தாம் படிகள் இங்கே தேவையே இல்லை. கோப்புறையே காணவில்லை என்றால், கணக்கிலோ பாடிலோ ‘ஆட்டோமவுண்ட்’ நிறுத்தப்பட்டிருக்கும்.

நீண்ட நேரம் ஓடும் நிரலாக இருந்தால் டோக்கன் கோப்பைத் தொடக்கத்தில் ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கணுவிலும் ஓடும் கியூப்லெட் அதை அவ்வப்போது புதுப்பிக்கும். நிரலும் அவ்வப்போது திரும்பப் படிக்க வேண்டும்.

10. சோதனை முடிந்தபின்

வெளியிலிருந்து சோதிக்க உருவாக்கிய கணக்கை அப்படியே விட்டுவைக்க வேண்டாம். இரவு வேலைக்கு வேறு பெயரில் ஒரு கணக்கை மூன்றாம் படியில் உள்ளபடி அமைத்துக்கொண்டு, கிரான்ஜாபிலும் ‘ரீடர்’ என்பதற்குப் பதில் அந்தப் பெயரையே இட்டு, சோதனைக் கணக்கையும் அதன் ரோல்பைண்டிங்கையும் அழித்துவிடுங்கள். கணக்கு அழிந்தால் அதன் பெயரில் வழங்கிய டோக்கன்களும் காலம் மீதமிருந்தாலும் செல்லாமல் போகும். தலைப்பு வரியை எழுதிவைத்த கோப்பை அழிக்கும் முன், சில நொடிகள் பொறுத்து, ஆறாம் படியில் ஓட்டிய அதே கர்ல் கட்டளையை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். இம்முறை 401 வர வேண்டும்.